ஒன்றேகாலை ஆராய்ந்த உயர்மட்டக் குழு

பல்கலைக்கழகம் தப்பே செய்யாது. செய்தாலும் அதற்குத் தப்பு என்று பேர் கிடையாது. விடைக்குறிப்பு என்று பேர். இந்த விவரம் தெரியாமல் டைல்ஸ் போடுகிற ஒரு மனிதர் அதன் வாசற்படி ஏறினார். ஏறியதில் அவருடைய முட்டி வலி கூடியது. எனக்கு ஒரு கதை கிடைத்தது.

தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பேர், தரை மட்டமா என்று பார்க்கிற கருவியின் பேர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார், அப்புறம்தான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். முப்பது வருஷம் மண்டியிட்டு வேலை செய்ததில் இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது என்று ஆகிவிட்டது. அதனால் மகளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீயாவது நாற்காலியில உக்காந்து சம்பாதிம்மா."

மகள் கணிதம் படித்தாள். நாற்காலியும் தயாராகிவிட்டது. வானிலை நிலையத்தில் கணக்கீட்டு உதவியாளர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அவர்கள் பின்னால் மனு கொடுக்கப்போகிற நாளிலிருந்து எண்ணினால் எழுபத்திரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அந்த நாற்காலி பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு. இந்த நேரம் பார்த்துத் தேர்வு முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள், ஒன்றைத் தவிர. அதில் முப்பத்தொன்பது. தேற வேண்டியது நாற்பது.

விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தார்கள். ஒன்று, கால், ஒன்பதில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று முடிவே இல்லாமல் போகிற ஒரு தொடரைக் கொடுத்து, தொகையிடல் சோதனையைக் கொண்டு அது ஒருங்குமா, அதாவது கூட்டினால் ஓர் அளவில் நிற்குமா, இல்லை நிற்காமல் விரியுமா என்று தீர்மானிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒருங்கும் என்றால் கூட்டுத்தொகை குறித்து என்ன சொல்லலாம் என்றும் கேட்டிருந்தார்கள். மகள் எழுதியிருந்தது இது: "இத்தொடர் ஒருங்கும். தொகையீட்டின் மதிப்பு 1. ஆனால் அதனால் கூட்டுத்தொகையும் 1 ஆகிவிடாது. முதல் உறுப்பே 1 அல்லவா? எனவே கூட்டுத்தொகை 1-ஐ விடப் பெரியது, 2-ஐ விடச் சிறியது." எழுத்துக்கள் கொஞ்சம் கோணலாக இருந்தன. பரீட்சை மண்டபத்தின் தரை வெயிலில் உப்பி டைல்ஸ் எல்லாம் கிளம்பிவிட்டதால், அந்த வருஷம் பரீட்சை சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு பழைய அச்சகக் கிடங்கில் நடந்தது. அங்கே மேசை ஆடியது. கோணல் எழுத்துக்களின் மேல் சிவப்பு மையில் நேராக ஒரு கோடு. பக்கத்தில்: "தவறு. விடை: 1."

அந்தப் பகுதிக்கு ஒரு மார்க். அது போய்விட்டது.

"என்னம்மா இது, எனக்கு ஒண்ணும் புரியலயே" என்றார் அப்பா. இருவரும் பல்கலைக்கழக வாசலில் நின்றிருந்தார்கள். எதிரே படிக்கட்டு, அதையொட்டிச் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம்.

"இந்தப் படியும் சாய்தளமும் இருக்குல்லப்பா. படி முடிவே இல்லாம போகுதுன்னு வச்சுக்கோங்க, போகப் போகச் சின்னதா ஆகுது. ஒவ்வொண்ணா எண்ண முடியாது. அதனால சாய்தளத்துக்கு எவ்வளவு கல்லு ஆகும்னு அளக்கறோம். சாய்தளம் ஒரு அளவுல நின்னா படியும் ஒரு அளவுல நிக்கும். சாய்தளம் கல்லைத் தின்னுக்கிட்டே போனா படியும் தின்னுக்கிட்டே போகும். சோதனை அவ்வளவுதான்."

"சரி."

"இப்ப சாய்தளத்துக்கு ஆகற கல்லும் படிக்கு ஆகற கல்லும் ஒண்ணா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "எப்படி ஒண்ணாகும்? படிக்கு மூலை நீட்டிக்கிட்டு இருக்கே. மூலைக்குத் தனியாக் கல்லு வேணும்ல?"

"அதைத்தான்ப்பா எழுதினேன்."

"ஒண்ணுதான்னு போட்டிருக்காங்களே, அவங்க எந்த ஊர் கொத்தனாரு?" என்றார் அவர். முதல் ஜன்னலில் போய்ச் சொன்னால் அரை மணி நேரத்தில் திருத்திக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் நம்பினார். முப்பது வருஷம் உழைத்தவர்களுக்கு இப்படிச் சில வெகுளித்தனங்கள் மிச்சம் இருக்கும்.

முதல் ஜன்னலில் இருந்த எழுத்தர் நல்ல மனிதர். ஒரு படிவம் கொடுத்தார். அதில் மறுமதிப்பீட்டுக்கான காரணம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன: கூட்டல் பிழை, திருத்தாமல் விடப்பட்ட பக்கம்.

"விடைக்குறிப்பே தப்புன்னு ஒரு கட்டம் இல்லீங்களா?"

"அது நடக்காதுங்களே. நடக்காததுக்குக் கட்டம் எதுக்கு? காகிதம் வீண்." எழுத்தர் தாமே கூட்டல் பிழை என்ற கட்டத்தில் டிக் அடித்தார். "எப்படியும் கூட்டறது பத்தின பிரச்சினைதானே? போயிட்டு வாங்க."

அந்த ஜன்னலில் படிவம் முப்பது நாள் இருந்தது. பிறகு கூட்டல் சரிபார்ப்புப் பிரிவுக்குப் போனது. அங்கே நடுநிலைமைக்காக ஒரே விடைத்தாளை நான்கு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து கூட்டுவது வழக்கம். ஒருவருக்கு முப்பத்தொன்பது வந்தது, இன்னொருவருக்கும் முப்பத்தொன்பது, மூன்றாமவருக்கு நாற்பத்தொன்று, நான்காமவருக்கு முப்பத்தாறு. யாருடைய மனமும் புண்படக்கூடாது என்று சராசரி எடுத்தார்கள். முப்பத்தெட்டே முக்கால். பெருந்தன்மையோடு முழுதாக்கி முப்பத்தொன்பது என்று சான்று எழுதினார்கள். இதற்குப் பதினைந்து நாள்.

அடுத்து கணிதத் துறை. பத்தாவது நாள் துறைத்தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். மகள் கூட வரக்கூடாது; அவள் சம்பந்தப்பட்டவள். துறைத்தலைவர் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. மூன்று பூட்டு.

"அதுலதான் விடைக்குறிப்பு இருக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பதினெட்டு வருஷமா அதே கேள்வி, அதே விடை. வருஷத்துக்கு ஒரு தடவை திறப்போம். மூணு சாட்சி இருப்பாங்க. சாட்சிங்க பெட்டியைப் பாக்கணும், காகிதத்தைப் பாக்கக்கூடாது. கணக்கு சுத்தமாத் தெரியாத ஒரு தட்டச்சரை வச்சு நகல் எடுப்போம். அவர் எண்ணுல மட்டும் தப்பு பண்ணமாட்டாரு, எண்ணுன்னா அவருக்கு அவ்வளவு பயம். உடனே பூட்டிடுவோம்."

"இதை எழுதினது நீங்களா சார்?"

"எனக்கு முன்னாடி இருந்தவரு. நான் பாதுகாக்கறேன்."

"ஒரு தடவை போட்டுப் பாத்தீங்களா சார், அந்தக் கணக்கை?"

துறைத்தலைவர் திடுக்கிட்டார். "போட்டுப் பாக்கறதா? ரகசியம் வெளிய போயிடாதா?"

"யாருக்கு சார் போகும்?"

"எனக்கு."

அப்பா பெட்டியின் மூன்று பூட்டையும் பார்த்தார். இருந்தாலும் கேட்டார். "திருத்துறவங்களுக்காவது தெரியாதா சார்? படிச்சவங்கதானே?"

"படிச்சவங்கதான். அதனாலதான் விதி வச்சிருக்கோம். ஒரு நாளைக்கு அறுபது விடைத்தாள் திருத்தணும். யோசிக்க ஆரம்பிச்சா ஆறுகூட முடியாது. இந்தத் தாள்ல என்ன இருக்கு, அந்தத் தாள்ல என்ன இருக்கு, ரெண்டும் ஒண்ணா இல்லையா, அவ்வளவுதான். போன வருஷம் ஒருத்தர் யோசிச்சாரு. இப்ப விடுதி சமையலறையில காய்கறி எடை பாக்கறாரு." இதைச் சொல்லும்போது துறைத்தலைவரின் முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. எடை பார்க்கப் போனவர்தான் துறையிலேயே கெட்டிக்காரராம்.

கோப்பு சட்டப் பிரிவுக்குப் போனது. "முதல் இரு உறுப்புகளின் கூட்டுத்தொகையான ஒன்றேகால், ஒன்றைவிடப் பெரியது என்று நடைமுறையில் உள்ள எந்தச் சட்டத்திலும் கூறப்படவில்லை" என்று எழுதி, இதை ஆராய உயர்மட்டக் குழு ஒன்றை அமைக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். ஏழரை நாள். எட்டாவது நாளின் பிற்பாதியில் அவர்களுக்கு வேறு ஒரு வேலை வந்துவிட்டது.

"பாத்தியா, முதல்ல முப்பது நாளு, அப்புறம் பதினஞ்சு, பத்து, இப்ப ஏழரை. வரவரச் சீக்கிரம் ஆகுது. இன்னும் ஒண்ணு ரெண்டு பிரிவுல முடிஞ்சிரும்" என்று வீட்டில் வந்து சொன்னார் அப்பா. அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். மகள் மட்டும் பேப்பரில் எதையோ எழுதிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

"முடியாதுப்பா."

"ஏம்மா அபசகுனமாப் பேசற?"

"முப்பது, முப்பதுல பாதி, முப்பதுல மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு. அடுத்தது ஆறு நாள். அதுக்கடுத்து அஞ்சு. குறையத்தான் குறையுது, ஆனா போதுமான அளவு வேகமாக் குறையல. இதுக்குப் பக்கத்துல சாய்தளம் போட்டா அது நிக்கவே நிக்காது. கல்லைத் தின்னுக்கிட்டே போகும். இதுக்கு இசைத்தொடர்னு பேரு."

"பேரைப் பாரு" என்றாள் அம்மா.

"பிரிவு எத்தனைதான்மா இருக்கும்? அதுக்கு ஒரு முடிவு இருக்குமில்ல?"

மறுநாள் முதல் ஜன்னல் எழுத்தரிடம் இதையே கேட்டார். எழுத்தர் பெருமையோடு சொன்னார், "அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க. தேவைப்பட்டா புதுசா ஆரம்பிப்பாங்க." அன்றுதான் அவர் முதல் தடவையாக மிச்சம் இருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணினார்.

ஆறாவது நாள், சொல்லிவைத்த மாதிரி, உயர்மட்டக் குழு கூடியது. உறுப்பினர்கள் மூன்று பேர். கணக்குத் தெரிந்தவர்கள் ஒருதலைப்பட்சமாக நடந்துகொள்வார்கள் என்பதால் நூலகரைத் தலைவராகவும், உடற்பயிற்சி இயக்குநரையும் தோட்டக் கண்காணிப்பாளரையும் உறுப்பினர்களாகவும் போட்டிருந்தார்கள். தேர்வுகளை எல்லாம் கட்டுப்படுத்துகிற தேர்வதிகாரி பார்வையாளராக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் நுழைந்ததும் அப்பா தரையைப் பார்த்தார். ஒரு பக்கம் முக்கால் அங்குலம் இறக்கம். மேசையில் யார் பேனா வைத்தாலும் அது மெதுவாக உருண்டு தேர்வதிகாரி பக்கம் போய் நின்றது. அவர் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏற்கெனவே நான்கு பேனா வைத்திருந்தார்.

சான்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்பா பையிலிருந்து உள்ளளவு சரியாக ஓர் அடிக்கு ஓர் அடி உள்ள மரச்சட்டம் ஒன்றை எடுத்தார். அதில் ஓர் அடி டைல்ஸ் ஒன்றை வைத்தார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"இது முதல் எண்ணு. ஒண்ணு." பிறகு அரை அடிக்கு அரை அடித் துண்டு ஒன்றை எடுத்தார். "இது ரெண்டாவது. ஓரடியில நாலுல ஒரு பங்கு. மொத்தமும் ஒண்ணுதான்னு நீங்க சொல்றீங்க. அப்ப இதையும் இந்தச் சட்டத்துக்குள்ள வச்சுக் காட்டுங்க சார். நான் எழுந்து போயிடறேன்."

குழு எழுந்து வந்து சட்டத்தைச் சூழ்ந்துகொண்டது.

உடற்பயிற்சி இயக்குநர் கை மடக்கிவிட்டுத் துண்டை ஓரத்தில் வைத்து அழுத்தினார். அழுத்தியதில் கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம். "பழகப் பழக உள்ள போகும்" என்றார். தோட்டக் கண்காணிப்பாளர் பெரிய டைல்ஸில் ஒரு மூலையை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கலாம் என்று யோசனை சொன்னார்.

"வெட்டி எடுத்த மூலையை என்ன சார் பண்றது?"

"அதைக் கோப்புல சேத்துக்கலாம்."

நூலகர் நெடுநேரம் யோசித்துவிட்டு, முகம் மலர்ந்து, சின்னத் துண்டைப் பெரிய டைல்ஸின் மேலேயே வைத்தார். "அடுக்கிடலாமே! நாங்க அப்படித்தான் வைப்போம். எத்தனை வந்தாலும் இடம் ஒண்ணுதான்."

"தரையில அடுக்க முடியாதுங்க சார். தடுக்கி விழுவாங்க."

"விழறவங்க பாத்து நடக்கணும்" என்றார் உடற்பயிற்சி இயக்குநர். இது குறிப்பேட்டில் பதிவாயிற்று.

அப்பா விடவில்லை. முதல் சட்டத்தைவிடச் சிறியதாக, பத்து அங்குலத்தில் இன்னொரு சட்டம் கொண்டுவந்திருந்தார். அதில் அந்த ஆறு அங்குலத் துண்டை வைத்து, மூன்றாவது எண்ணுக்குப் பக்கத்தில் நாலு அங்குலம், நான்காவதுக்கு மேலே மூன்று அங்குலம் என்று வைத்துக் காட்டினார். "இப்படியே எத்தனை துண்டு வந்தாலும் இந்த ரெண்டாவது சட்டத்துக்குள்ள அடங்கிரும் சார். என் பொண்ணு சொன்னா, நான் வீட்டுல உக்காந்து வெட்டி வெட்டி வச்சுப் பாத்தேன். ஒண்ணுக்கு மேல, ரெண்டுக்குக் கீழ. அவ எழுதினது அதுதான் சார்." தரையைப் பற்றி இத்தனை நேரம் பேசி யாரும் அவரை நம்பாமல் போனதில்லை.

குழு அறிக்கை எழுதியது: "மனுதாரர் கொண்டுவந்த சட்டம் அளவில் சிறியதாக இருப்பதால் எந்த முடிவுக்கும் வர இயலவில்லை."

எல்லோரும் போனபின் தேர்வதிகாரி அவரை உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும்.

"மேஸ்திரி, நான் மனசு விட்டுப் பேசறேன். ஒண்ணே கால் ஒண்ணைவிடப் பெருசுதான். எனக்குத் தெரியாதா? கடையில சில்லறை வாங்கறவன்தானே நானும். ஆனா ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? பதினெட்டு வருஷமா ஒண்ணுன்னு எழுதினவனுக்கு மார்க் குடுத்திருக்கோம். அந்த ஒரு மார்க்குல தேறினவங்கதான் இன்னைக்குத் துறைத்தலைவர், சட்டப் பிரிவு, எல்லாம். நானே அந்த ஒரு மார்க்குலதான் பாஸ். சரியா எழுதினவங்க எல்லாரும் ஃபெயிலாகி வெளிய போயிட்டாங்க. இப்ப உள்ள இருக்கறது பூரா நாங்கதான். நாங்க தப்புன்னா இந்தக் கட்டடத்துல யார் இருப்பா, சொல்லுங்க? விளக்கு போடக்கூட ஆள் இருக்காது."

"எனக்கு அதெல்லாம் வேணாம் சார். எம்பொண்ணுக்கு அந்த ஒரு மார்க்கு போதும்."

"தரேன். கருணை மதிப்பெண்ணு. நாளைக்கே." ஒரு தாளை நீட்டினார். 'கூட்டுத்தொகை 1 என்பதை உணர்ந்து, எனது தவறுக்கு வருந்துகிறேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு. "ஒரே ஒரு கையெழுத்து. கேட்டு வர்ற பிள்ளைங்க எல்லாம் போட்டுட்டுப் போறதுதான்."

இன்னும் மூன்று நாள் இருந்தது. அவர் தாளை மடித்துப் பையில் ரசமட்டத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒரு கையெழுத்துதானேடி" என்றாள் அம்மா. "போட்டுட்டு வேலையில சேரு. அப்புறம் வீட்டுல உக்காந்து ஒண்ணேகால், ஒண்ணரைன்னு எவ்வளவு வேணா எழுது. யாரு வேணாங்கறா?"

"போட்டுரும்மா" என்றார் அப்பாவும். "அந்தாளே உண்மை தெரியும்னு சொல்லிட்டாரு. உள்ளுக்குள்ள ஒத்துக்கிட்டாரு, போதாதா?"

மகள் பேனாவை எடுத்தாள். கோட்டின் மேல் வைத்தாள். எழுதாமல் நிமிர்ந்து, "அப்பா, மட்டமில்லாத தரையை மட்டம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் முட்டியைத் தடவிக்கொண்டே, "ரெண்டு தடவை குடுத்திருக்கேன்" என்றார். "ரெண்டு தடவையும் அவசரப்படுத்தினாங்க, வீட்டுல செலவும் இருந்துச்சு. ரெண்டு இடத்துலயும் இன்னும் தண்ணி தேங்குது. அந்தத் தெரு வழியா நான் போறதில்ல." பிறகு அவரே மகள் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது, அது நியாயமான கோபமும்கூட. நாற்காலி கையை விட்டுப் போகிறதே என்ற ஆதங்கம் அவருக்கும் இருந்தது.

மறுநாள் கையெழுத்தில்லாத தாளைத் திருப்பிக் கொடுத்தார். தேர்வதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் கோடு காலியாகத் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. அன்று பிற்பகலே ஆட்சிக்குழுவை அவசரமாகக் கூட்டி, இந்த மாதிரி வம்பு இனி வராமல் இருக்க ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதற்கடுத்த நாள் அதன் நகலையும் மனு தள்ளுபடி என்ற உத்தரவையும் அவரிடம் கொடுத்தார்கள்.

அவர் எதையும் மெதுவாகத்தான் படிப்பார், விரலை வைத்துக்கொண்டு. "இப்பல்கலைக்கழகத்தின் மதில் சுவருக்கு உள்ளே மேற்படித் தொடரின் கூட்டுத்தொகை 1 ஆகும். மதில் சுவருக்கு வெளியே அவரவர் விருப்பம்." இரண்டாவது தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கும்போது விரல் மதில் சுவரில் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேராகத் தேர்வதிகாரி அறைக்குத் திரும்பி நடந்தார்.

"சார், இந்தத் தீர்மானம் மதில் சுவருக்கு உள்ளதானே?"

"ஆமா. வெளிய இருக்கறவங்க என்ன வேணா கூட்டிக்கட்டும். நமக்கென்ன?"

"எம்பொண்ணு பரீட்சை எழுதினது அச்சகக் கிடங்குல சார்."

தேர்வதிகாரி எழுந்து ஜன்னலருகே போனார். அங்கிருந்து மதில் சுவர் தெரிந்தது. சுவருக்கு அப்புறம் நடைபாதை, சாலை. சாலைக்கு அப்புறம் கிடங்கு, அதன் துருப்பிடித்த கதவு. சந்தேகத்துக்கு இடமிருக்கக்கூடாது என்று உடற்பயிற்சி இயக்குநரை அளக்க அனுப்பினார்கள். அவருடைய நாடா எட்டவில்லை. ரசமட்டத்தின் நாடாவைக் கடன் வாங்கிப்போய் அளந்தார். நாற்பத்து மூன்று அடி.

"அப்ப அந்தப் பரீட்சையே செல்லாது" என்று தேர்வதிகாரி ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அதே கிடங்கில், அதே பரீட்சையில், ஒன்று என்று எழுதி, சரியாக நாற்பது மார்க்கில் அவருடைய அக்கா பிள்ளையான மருமகனும் தேறியிருந்தார். தேர்வதிகாரி தீர்மானத்தை மறுபடி எடுத்துப் படித்தார். 'அவரவர் விருப்பம்' என்ற இடத்துக்கு வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, இதைப் போட்டு வச்சோம். மருமகன் விருப்பம் ஒண்ணு, உங்க பொண்ணு விருப்பம் ஒண்ணுக்கு மேல. ரெண்டு பேரும் பாஸ்."

எழுபத்திரண்டாம் நாள் காலையில் விடைத்தாள் கூட்டல் சரிபார்ப்புப் பிரிவுக்குப் போனது. முப்பத்தொன்பதோடு ஒன்றைக் கூட்ட நான்கு பேர் நான்கு அறைக்குள் போனார்கள். அம்மா, அப்பா, மகள் மூவரும் வெளியே மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு விடை வந்தது. நாற்பது, நாற்பது, நாற்பத்திரண்டு, முப்பத்தேழு. சராசரி முப்பத்தொன்பதே முக்கால். அதை முழுதாக்கலாமா கூடாதா என்று இன்னொரு அரை மணி நேரம் பேசினார்கள். அம்மா அந்த அரை மணியில் அந்தப் பிரிவில் உள்ள எல்லோரையும், அவர்கள் வம்சத்தையும், வாய்க்குள்ளேயே திட்டி முடித்திருந்தாள். மூன்றே முக்காலுக்கு நாற்பது என்று முத்திரை விழுந்தது, சான்றிதழும் கைக்கு வந்தது. நாலு ஐம்பதுக்கு மகள் வானிலை நிலையத்தில் சான்றிதழை நீட்டினாள். நாற்காலியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். அது ஆடவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் பல்கலைக்கழகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்த வருஷமும் அதே கேள்வி வந்தது, இரும்புப் பெட்டியில் அதே விடை. பரீட்சை இந்தத் தடவை மதில் சுவருக்கு உள்ளேதான், புதுத் தரை போட்ட மண்டபத்தில். தீர்மானம் தீர்மானம்தான் என்பதால் கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு சேர்த்திருந்தார்கள்: "இவ்வினாவுக்கு மதில் சுவருக்கு வெளியே சென்று விடையளிக்க விரும்புவோர் தத்தம் மேசையைத் தாமே தூக்கிச் செல்ல வேண்டும். மேசைக்கு ஏற்படும் சேதத்துக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல."

அன்று காலை ரசமட்டம் வேலைக்குப் போகிற வழியில் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தார். பல்கலைக்கழக வாசலிலிருந்து ஒரு பெண் பிள்ளை தலைக்கு மேல் மேசையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே ஒரு பையன். அப்புறம் இன்னும் சிலர். நான்காயிரம் பேர் உள்ளே உட்கார்ந்து ஒன்று என்று எழுதிக்கொண்டிருக்க, பதினோரு பேர் நடைபாதையில் மேசையைப் போட்டு, நின்றுகொண்டே எழுத ஆரம்பித்தார்கள். நடைபாதை மேடும் பள்ளமுமாக இருந்தது. எழுத எழுத மேசைகள் ஆடின.

அவர் நின்று பார்த்தார். பிறகு பையைத் திறந்து முந்தின நாள் வேலையில் மிஞ்சிய டைல்ஸ் துண்டுகளை எடுத்தார். முதல் மேசைக்குப் பக்கத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, மண்டியிட்டார்.

தேர்வுக் கண்காணிப்பாளர் வாசலிலிருந்து ஓடிவந்தார். "யோவ்! பரீட்சை நடக்குது, பிள்ளைங்களுக்கு உதவி பண்ணக்கூடாது!"

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் பண்ணல சார். மேசைக்குத்தான்."

இதற்கு விதி எதுவும் இருக்கிறதா என்று பார்க்கக் கண்காணிப்பாளர் உள்ளே போனார். மேஸ்திரி ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, ஆடுகிற காலுக்கு அடியில் அளவு பார்த்துத் துண்டு வைத்தார். பெரிய பள்ளத்துக்குப் பெரிய துண்டு, சின்னப் பள்ளத்துக்குச் சின்னது. முட்டி உயிர் போகிற மாதிரி வலித்தது. பதினோரு மேசையையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.